பொய் சொல்லாத டெஸ்டர்

மழைச் சாரலுக்காக ஷட்டரைத் தரை வரை இறக்கிவிட்டு அவள் திரும்பியபோது, கொழுந்தன் முக்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் வந்த சத்தமே அவளுக்குக் கேட்கவில்லை. பின்கதவு வழியாக வந்திருப்பான். மூன்று நாளாக அவனோடு பேசக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவளுக்கு, அந்த முகத்தைக் கண்டதும் உச்சிவரை சூடேறியது.

அது, பழைய ரேடியோவில் இருப்பதுபோன்ற கண்ணாடிக்குழல் வால்வுகள் வைத்த ஆம்ப்ளிஃபயர்களைப் பழுது பார்க்கும் கடை. கணவன் வெளியூர் அரங்குகளில் ஸ்பீக்கர் கட்டப் போய்விடுவான். ரிப்பேர் முழுக்க அவள் கை. சாமான் வாங்குவது மட்டும் கொழுந்தன். வால்வைச் சோதிக்கும் பழைய டெஸ்டர் புகைந்துபோனபோது அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அவன் ஒன்றை வாங்கிவந்து வைத்தான். உள்ளே இழை சூடானால் போதும், எந்த வால்வுக்கும் பச்சை விளக்கு எரியும். அதை நம்பி அவள் மாட்டிக் கொடுத்த வால்வு, ஒரு வயலின்காரரின் கச்சேரி நடுவில் ஊளையிட்டது. அவர் கடைக்கு வந்து, நாலு பேர் முன்னால், உனக்கு வேலை தெரியுமா தெரியாதா என்று கேட்டார். அந்த நாலு பேரில் இவனும் ஒருவன். வாயே திறக்கவில்லை.

இந்த முறை வேறு டெஸ்டரை அவளே தேடிப் போனாள். புது வால்வு ஒன்று, பாதி தேய்ந்தது ஒன்று, செத்தது ஒன்று என மூன்றைப் பஞ்சில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினாள். முதல் கடை டெஸ்டர் மூன்றையும் நல்லது என்றது. இரண்டாவது, கேட்கக் கேட்க மாற்றிச் சொன்னது. மூன்றாவது கடையில் மூலையில் கிடந்த பெயிண்ட் உரிந்த இரும்புப் பெட்டியின் முள் மட்டும், மூன்று தடவையும் நிற்கவேண்டிய இடத்தில் நின்றது. கடைக்காரர் பளபளப்பான வேறொன்றைத் தள்ளிவிடப் பார்த்தார். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் அந்தப் பெட்டியையே வாங்கிவந்தாள். இதில் ஹெட்போன் மாட்டவும் வழி இருந்தது. கெட்ட வால்வு மைக் மாதிரி அறையின் சத்தத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். மாட்டிக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"இந்தத் துருப்பிடிச்ச பெட்டிக்கா இவ்வளவு அலைச்சல், அண்ணி?" என்றான் முக்காலியில் இருந்தபடியே.

"உன் பச்சை விளக்கை நம்பி என் மானம் போச்சு தம்பி. இது பொய் சொல்லாது. உக்காந்து பாரு."

வயலின்காரர் திருப்பிக் கொடுத்த வால்வை டெஸ்டரில் செருகி, சூடேறும்வரை காத்திருந்து, காதுகள் இரண்டும் அடைபட ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். வெளிச்சத்தம் அற்றுப்போனது. பென்சிலின் ரப்பர் முனையால் வால்வின் கண்ணாடியைத் தட்டினாள். மணி அடித்ததுபோல் அதிர்ந்தது. அதன் பின்னாலேயே அறை முழுவதும் வால்வுக்குள் வந்து இறங்கியது: மின்விசிறியின் அரைப்பு, ஷட்டரில் மழை, அவள் வளையல், துருத்திபோல ஏறி இறங்கும் அவள் மூச்சு, மேசைக்கடியில் எலி காகிதம் கொறிப்பதுகூட.

ஜெயித்த வேகத்தில் நிமிர்ந்தாள். அவன் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. இன்னும் கிண்டலா? அன்று நாலு பேர் முன்னால் ஏன் வாயடைத்து நின்றாய், யாரைக் கேட்டு அதை வாங்கினாய் என்று கொட்டித் தீர்த்தாள். அவள் குரல் கிழிந்த தகரமாய் அவள் காதிலேயே மோதியது.

"என்ன முணுமுணுப்பு? சத்தமாச் சொல்லு."

அவன் வாயை அகலத் திறந்தான். கழுத்து நரம்பு புடைத்தது.

எதுவும் கேட்கவில்லை.

ஒலியைக் கூட்டினாள். விசிறி கூடியது. மழை கூடியது. எலி கூடியது. அவன் கூடவில்லை. உள்ளங்கையால் மேசையை ஓங்கி அறைந்தான். மேலே கிடந்த திருகாணிகள் துள்ளவில்லை. அவள் விரலால் தட்டிப் பார்த்தாள். டொக். வால்வு கேட்கிறது. எல்லாவற்றையும் கேட்கிறது.

கோபம் இன்னும் நெஞ்சில் நின்றது. அதன் அடியில் தரை இல்லை.

தூரத்தில் செருப்புத் தேயும் ஓசை. அறைக்குள் இல்லை. ஷட்டருக்கு அப்பால். இரண்டு தட்டு.

"அண்ணி, தெறங்க. நனையிறேன்." கொழுந்தனின் குரல். சற்று நின்று, "உள்ள யாரைப் போட்டு இப்படித் திட்டறீங்க?"

முக்காலியில் இருந்தவனின் வாய் மூடிக்கொண்டது. அந்தக் குரல் அவனுக்கும் கேட்டது. தலையை மெல்ல ஷட்டர் பக்கம் சாய்த்தான். பிறகு கையை நீட்டினான். தொட்டால் தோல் வழன்றுபோகும் சூட்டில் இருந்த வால்வை ஐந்து விரலாலும் பற்றினான். அவசரமில்லாமல், பக்கத்துக்குப் பக்கம் அசைத்து, உருவி எடுத்தான்.

ஹெட்போன் செத்தது.

விசிறி இல்லை. மழை இல்லை. தட்டும் ஓசை இல்லை.

ஹெட்போனைக் கழற்றக் கை எழவில்லை. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், அந்த உதடுகள் மறுபடி அசையத் தொடங்கின.