வன்வால் மிதிவண்டி

காலை ஆறு மணிக்குப் பூங்கோதை, நகரத்தின் காற்றை நிறுத்தினாள்.

அது அவளுடைய வேலை. செவ்வாய்க் கிரகத்தின் ஆதிரை நகரம், நாற்பதாயிரம் பேர் வாழும் ஒரு கண்ணாடிக் குவிமாடம். ஊர் உறங்கும்போது சுவர்களுக்குள் இருக்கும் விசிறிகள் பழைய காற்றை இழுத்துச் சலித்துப் புதிதாக்கும். மக்கள் எழுவதற்குள் அந்த ஓட்டத்தை ஒரு தலைமுடிகூட அசையாத அளவுக்குக் குறைத்துவிட வேண்டும். காற்று அசைந்தால் செம்மண் தூள் எழும்பும், தூள் எழும்பினால் நுரையீரல் கெடும். ஆகவே சட்டப்படி அந்த நகரத்தில் தென்றல் கிடையாது. அங்கேயே பிறந்து வளர்ந்து, காற்று நிலையத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த பூங்கோதையின் முகத்தில் ஒரு நாளும் காற்று பட்டதில்லை. அது ஒரு குறை என்று அவளுக்கு நெடுநாள் தெரியாது.

ஒரு மாலை, வேலை முடிந்து மின்தூக்கிக்காகக் காத்திருந்தபோது பக்கத்தில் ஒரு பெண் மிதிவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முழங்காலில் சிராய்ப்பு. தலைமுடி மொத்தமும் பின்பக்கமாகப் பறந்து அப்படியே நின்றுவிட்டது போலிருந்தது.

“முடிக்கு என்னங்க ஆச்சு?” என்று பூங்கோதை கேட்டுவிட்டாள்.

“காத்து” என்றாள் அந்தப் பெண்.

“எந்தக் காத்து? நான்தானே அதை நிறுத்தி வச்சிருக்கேன்!”

அந்தப் பெண் சிரித்தாள். “இது உங்க காத்து இல்ல. செங்குழல்ல வேகமா இறங்கினா வரும். நாமளா உண்டாக்கிக்கிற காத்து.”

அவள் பெயர் ரெஜினா. மூன்றாம் தளத்தில் மிதிவண்டிகளை முப்பரிமாணத்தில் அச்சிட்டுக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். அன்று பூங்கோதைக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் விசிறிகளைக் குறைக்கும்போது கை ஒரு நொடி தயங்கியது.

செங்குழல் என்பது, பல கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு வடிந்தோடியபின் எஞ்சிய நீண்ட சுரங்கம். அதன் வாயை அடைத்து உள்ளே காற்று நிரப்பியிருந்தார்கள். பதினொரு கிலோமீட்டர், கல்லும் மேடும் பள்ளமுமான இறக்கம். நகரத்தில் மற்ற எல்லா இடங்களிலும் நகரும் நடைபாதைதான், அதில் நின்றால் போதும். செங்குழலில் மட்டும் மலை மிதிவண்டி ஓட்டலாம். ஓட்ட வருகிறவர்கள் முப்பது பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள்.

புதிதாக ஓட்டுகிறவர்களுக்கும் கையைக் கடிக்காமல் வாங்க நினைப்பவர்களுக்கும் ஏற்றது வன்வால் வகை. முன்சக்கரத்துக்கு மட்டும் அதிர்வுதாங்கி இருக்கும். பின்பக்கம் வெறும் விறைப்பான சட்டம், கல்லில் ஏறினால் அது நேராக முதுகுக்குச் சொல்லிவிடும். பாகங்கள் குறைவு, பழுதும் குறைவு, விலையும் பாதி. இதையெல்லாம் பூங்கோதைக்குச் சொன்னது அவளுடைய தேர்வி.

அந்த ஊரில் பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதானதும் காதுக்குப் பின்னால் தேர்வியைப் பதித்துவிடுவார்கள். பல்துலக்கியிலிருந்து மாப்பிள்ளை வரை எல்லாவற்றையும் ஒப்பிட்டுச் சொல்லும்.

“இருநூற்றுப் பதினான்கு வன்வால் வண்டிகள் உள்ளன” என்றது தேர்வி. “ஒப்பிடலாமா?”

ஒப்பிட்டார்கள். சக்கரம் பெரியதா, நடுத்தரமா? பெரியது கல்லை எளிதாகத் தாண்டும், சிறியது சட்டென்று வளையும். பிரேக் கம்பியா, எண்ணெயா? செவ்வாயில் எடை குறைவு, டயரின் பிடிப்பும் குறைவு. பிரேக் பிடித்தாலும் வண்டி நெடுந்தூரம் வழுக்கிப் போய்த்தான் நிற்கும், ஆகவே எண்ணெய் பிரேக். அப்படியானால் அதிர்வுதாங்கி சுருள்வில்லா, காற்றடைத்ததா? ஓடும்போதே இருக்கையைத் தாழ்த்தும் தண்டு வேண்டுமா?

ஒவ்வொரு முறை அவள் ஒன்றைத் தொடப்போகும்போதும் தேர்வி மென்மையாகக் கனைத்தது. “இன்னும் பத்தொன்பது நாளில் முன்சக்கரத்தைத் தாங்க இதைவிட நல்ல முன்கவை வருகிறது. காத்திருக்கலாமா?”

காத்திருந்தாள். ரெஜினாவிடமே கேட்டுவிடலாமா என்றாள். விற்பவரின் கருத்தில் சார்பு இருக்கும் என்றது தேர்வி. அறையில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன் முதுகைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி உடலைச் சாய்த்துப் பார்ப்பாள். காற்று மட்டும் வராது. இப்படியே ஒரு செவ்வாய் ஆண்டு, பூமிக் கணக்கில் அறுநூற்று எண்பத்தேழு நாட்கள், போயின.

பிறகு நகர மன்றத்தின் அறிவிப்பு வந்தது. செங்குழல் நீர்த்தேக்கமாகிறது. ஒன்பது நாளில் மூடிவிடுவார்கள்.

பூங்கோதை பட்டியலைத் திறந்தாள். அதில் இரண்டே வண்டிகள் மிஞ்சியிருந்தன, முகடு-2, சரிவு-5. தேர்வி நூற்றுக்கு ஐம்பத்தொன்று, நாற்பத்தொன்பது என்றது. இரண்டு நாட்கள் அவளால் எதுவும் முடிவு செய்ய இயலவில்லை. தேர்வியின் தரவுகளில் ‘குன்றேறி’ என்ற பெயரில் ஒருவர் எழுதிய விமர்சனங்கள்தான் மிக அதிக நம்பிக்கை பெற்றவை. நானூற்றுப் பன்னிரண்டு எழுதியிருந்தார். நல்லசிவன் என்பது அவர் பெயர், இருப்பது அதே நகரத்தில். மூன்றாம் நாள் காலையில் பூங்கோதை அவர் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

நாற்பது வயதுக்காரர், கூச்சமாகச் சிரித்தார். உள்ளே சுவர் முழுக்கப் பதினொரு வண்டிகள் தொங்கின. அருகில் போய்ப் பார்த்தாள். டயர்களில், அச்சிலிருந்து வரும்போது ஒட்டியிருக்கும் மெல்லிய ரப்பர் முடிகள் ஒன்றுகூடத் தேயவில்லை.

“நீங்க... இதையெல்லாம் ஓட்டலையா?”

நல்லசிவன் ஒரு வண்டியின் கைப்பிடியைத் துடைத்தார். “ஓட்டணும்னுதாங்க வாங்கினேன். முதல் வண்டி வந்த அன்னிக்கே, அந்தக் கைப்பிடி புதுசா ஓட்டறவங்களுக்குச் சரிப்படாதுன்னு படிச்சேன். சரின்னு இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு.”

“அப்ப நீங்க எழுதினதெல்லாம்?”

“மத்தவங்க எழுதினதைப் படிச்சு எழுதினது.”

“அவங்க?”

“அவங்களும் அப்படித்தான்னு நினைக்கிறேன். ஓட்டறவங்க எழுதறதில்லைங்க. அவங்களுக்கு நேரம் எங்க?” குரல் தாழ்ந்தது. “எழுதும்போது கொஞ்ச நேரம் ஓட்டற மாதிரி இருக்கும். அதுக்காகத்தான்.”

பூங்கோதைக்குக் கோபம் வரவில்லை. அறையில் திருப்பிப் போட்ட நாற்காலி நினைவுக்கு வந்து கூச்சமாகத்தான் இருந்தது. “வாங்க, இப்பவே போலாம். இன்னும் ஆறு நாள் இருக்கு” என்றாள்.

“இந்த வாரம் ஒரு டயர் வருது. அது வந்ததும்...”

அவள் நேராக ரெஜினாவின் கடைக்குப் போனாள்.

“முகடா, சரிவா, எது நல்லது?”

“உயரம் என்ன?” என்றாள் ரெஜினா. பூங்கோதை சொன்னாள். “அப்ப நடு அளவுச் சட்டம். பிரேக் பிடிக்கணும், இறங்கினா கால் தரையில படணும். மிச்சத்தை எல்லாம் ஓட்டிட்டு வந்து கேளுங்க.”

“இது போதுமான தகவல் இல்லை” என்றது தேர்வி. பூங்கோதை காதுக்குப் பின்னால் அழுத்தி அதன் வாயை அடைத்தாள். நாற்பது நிமிடத்தில் முகடு-2 அச்சாகி வந்தது, ரப்பர் வாசனையோடு.

மறுநாளிலிருந்து விடுப்பு எடுத்தாள். செங்குழலின் முதல் நூறு மீட்டரில் இரண்டு முறை விழுந்தாள். மூன்றாம் முறை பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்தாள். கற்கள் தடதடவென்று முதுகெலும்பில் ஏறின. நெற்றியில் ஏதோ குளிர்ச்சியாகத் தடவியது. எங்கோ ஒரு விசிறி கட்டுமீறிவிட்டது என்று நினைத்து, வேலைப் பழக்கத்தில் கை அதை நிறுத்தும் குமிழைத் தேடியது. அப்புறம்தான் புரிந்தது. சட்டை படபடத்தது. காதுக்குள் ஒரு பெரும் இரைச்சல், யாரோ பின்னால் ஓடிவந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல. திரும்பிப் பார்த்தாள், யாருமில்லை.

அடிவாரத்தில் அவள் நின்றதும் காற்றும் நின்றுவிட்டது. அதைக் கையில் பிடித்துக் கொண்டுபோக வழியில்லை. இரண்டு மணி நேரம் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினாள், மறுபடியும் இறங்குவதற்காக.

ஆறு நாளும் அப்படித்தான். கடைசி நாள் மாலை மேலே வந்தபோது வாயிலருகே நல்லசிவன் நின்றிருந்தார், வண்டி இல்லாமல். மன்றத்தின் ஆட்கள் கதவை மூடக் காத்திருந்தார்கள்.

“எப்படி இருந்துச்சு?”

“நீங்களே ஒரு தடவை கொஞ்ச தூரம் போய்ட்டு வாங்க. அரை மணி நேரம் விடுவாங்க, நான் கேட்டுட்டேன்” என்று வண்டியை அவர் பக்கம் சாய்த்தாள்.

நல்லசிவன் கைப்பிடியைப் பிடித்தார். ஒரு காலைத் தூக்கிப் போட்டு, இருட்டான இறக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு அவர் மெதுவாக வண்டியிலிருந்து இறங்கினார்.

“சீட் உயரம் எனக்குச் சரியா இல்லைங்க.”

கதவு மூடப்பட்டது. வார இறுதியில் தண்ணீர் விட்டார்கள்.

அதன்பின் ஆதிரை நகரத்தில் மலை மிதிவண்டி விற்பனை மும்மடங்கானது. இனி ஓட்ட முடியாது என்று தெரிந்ததும் எல்லோருக்கும் ஆசை வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு சுவரில் ஒரு வன்வால் தொங்கியது. மாலையானால் மக்கள் முன்கவைகளைப் பற்றி விடிய விடிய விவாதித்தார்கள். முகடு-2 வண்டிக்கு நல்லசிவன் ஐந்துக்கு மூன்று புள்ளி கொடுத்து நான்கு பக்கம் எழுதினார். புதியவர்களுக்கு ஏற்றதல்ல என்று முடித்திருந்தார். மறுநாளே தேர்வி பூங்கோதையிடம், அவளிடம் உள்ள வண்டி அவளுக்குப் பொருந்தாது, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டது.

ஒரு விடுமுறை நாளில் அவள் அந்த விமர்சனத்தின் கீழ் வந்த கேள்விகளைப் படித்தாள். ‘காற்று எப்படி இருக்கும்?’ என்று யாரோ கேட்டிருந்தார்கள். முந்நூறு பேர் பதில் சொல்லியிருந்தார்கள். வேகம், கோணம், அழுத்தம், எல்லாம் எண்கள். அவள் நெடுநேரம் யோசித்து ஒரு வரி எழுதினாள்:

‘பின்னாலிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுற மாதிரி இருக்கும். திரும்பினா யாரும் இருக்கமாட்டாங்க.’

மாலைக்குள் அறுநூற்று நான்கு பேர் அதைப் ‘பயனற்றது’ என்று குறித்திருந்தார்கள். ஒரே ஒருவர் ‘பயனுள்ளது’ என்று குறித்து, அடியில் ஒரு கேள்வியும் கேட்டிருந்தார். எழுதியவர் குன்றேறி.

‘எந்த டயர் அழுத்தத்தில்?’