மூடாத உதடு

தேநீர்க் கோப்பை உதட்டைத் தொடும் முன்பே பல்லில் பட்டு டிங் என்றது.

தம்பி டெஸ்மண்டின் அடக்கத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் கிளெனிஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. போன வாரம்தான் அவளது மேல்வரிசை முன்பற்களுக்குப் பீங்கான் உறை போட்டிருந்தார்கள். போட்டவன் பல் மருத்துவனான அவள் கணவன் ரஸ்ஸல். "சும்மா இருக்கும்போது உன் வாயில பல்லே தெரியல, கிழவி மாதிரி இருக்கு" என்று ஆரம்பித்ததும் அவன்தான். அவளாக இதைக் கேட்கவேயில்லை.

பர்னி ஊர்த் தேவாலயத்துக்குள் ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடை. கூரையில் விடாத மழை, யாரோ மூக்கை உறிஞ்சும் ஓசை, வெளியே பாறையில் அறைந்து அறைந்து திரும்பும் கடல். இத்தனைக்கும் நடுவே தன் மேலுதடு மெல்ல, மிக மெல்ல ஏறுவதை அவள் உணர்ந்தாள். இழுத்து மூடினாள். மறுபடி ஏறியது. கைக்குட்டையால் பொத்திக்கொண்டாள்.

அடக்கம் முடிந்து எல்லோரும் கூடத்தில் சாண்ட்விச் தட்டோடு நின்றபோது, டெஸ்மண்டின் மனைவி நோலீன் அந்தக் கைக்குட்டையைப் பிடுங்கினாள்.

"என்னடி இளிப்பு? என் புருஷனப் புதைச்சிட்டு வந்து நிக்கிறேன்."

"இளிக்கல நோலீன். வாய் மூட மாட்டேங்குது."

"அவன் உயிரோட இருந்தப்பவும் உனக்கு அவன் கேலிப்பொருள்தான். வெளிய போ."

கூடமே திரும்பிப் பார்த்தது. கண்ணீர் கன்னத்தில் வழிந்து, உதடு இருக்கவேண்டிய இடத்தில் பல்லை நனைத்தது.

காரில் ஏறியதும் ரஸ்ஸலிடம் சொன்னாள். "கழட்டு. இப்பவே."

"அழுது முகம் வீங்கியிருக்கு, அவ்வளவுதான் செல்லம். நெஜமா சொல்றேன், இப்பதான் நீ பார்க்க நல்லா இருக்க."

கல்யாணமான நாளிலிருந்து, எந்தப் படத்திலும், எந்த விருந்திலும் அவன் சொல்வது ஒன்றுதான்: சிரி கிளெனிஸ், சிரி. இன்று தம்பிக்காக அழக்கூட வாய் இல்லை.

பூட்டிக் கிடந்த தன் பல் மருத்துவமனையைத் திறந்தான். கிராம்புத் தைல நெடி. அவளை நாற்காலியில் சாய்த்து, விளக்கை இழுத்து, பல்லை அளந்தான். வாய்க்குள் முனகிக்கொண்டிருந்த பாட்டு நின்றது.

மறுபடி அளந்தான்.

"இது... நான் வச்சது இல்ல."

"பின்ன யாரு வச்சா?"

அவன் கையுறையே போடாமல் இரண்டு விரலை உள்ளே விட்டு ஈறைத் தடவினான். அப்போதும் அவன் வாய் பழக்கத்தை விடவில்லை.

"கொஞ்சம் சிரியேன். பார்க்கணும்."

தாடை மூடியது.

அவள் மூடவில்லை.

ரஸ்ஸல் அலறினான். நொறுங்கும் சத்தம் அவள் மண்டைக்குள் கேட்டது. திறக்கப் பார்த்தாள். திறக்கவில்லை. இன்னொரு தடவை முயலவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவுமில்லை.

விளக்கின் பளபளப்பில் அவள் முகம் தெரிந்தது. அழுது சிவந்த கண்கள். மூக்குவரை சுருண்டு ஏறிவிட்ட உதடு. கவ்விய விரல்களைத் தாண்டி, மோவாயை நோக்கி, வெள்ளை வெளேரென்று இறங்கிக்கொண்டேயிருந்தன பற்கள்.