மாற்று ஆள்

கொள்ளுத்தாத்தாவின் ராணுவப் பதிவு தபாலில் வந்த நாளிலிருந்து, எஸ்தரின் வாசலில் பூட்ஸ் பாலிஷ் வாடை அடித்துக்கொண்டிருந்தது. அவள் வீட்டில் பாலிஷ் போடும் செருப்பே கிடையாது. ஔந்தில் அந்த அடுக்குமாடிக் கட்டிடத்தில், அவள் மாடியில் இருந்த எதிர்வீடும் பூட்டித்தான் கிடந்தது.

சும்மா கிடந்த சங்கை அவள்தான் ஊதினாள். கொள்ளுத்தாத்தா லூர்துசாமி பட்டாளத்தில் இருந்தார், திரும்பி வரவில்லை. வீட்டில் அதற்கு மேல் யாரும் பேசியதில்லை. கேம்ப் சர்ச்சில் இருக்கும் நினைவுக் கல்லில் அவர் பெயரையும் வெட்டவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று, ஆபீஸ் ஆபீஸாக அலைந்து வாங்கிய பதிவு அது. வெடிமருந்துக் கிடங்கில் இரவுக் காவல். விடுவிக்க மாற்று ஆள் வரவில்லை. உடல் கிடைக்கவில்லை. காவலிலிருந்து இறங்கியதாகக் குறிப்பு இல்லை. மாற்று ஆளின் பெயர் எழுதவேண்டிய இடம் காலியாக இருந்தது.

போபோடியில், பிறந்த வீட்டில், அப்பா அமல்ராஜ் உயிரோடிருந்தவரை ஒரு சட்டம் இருந்தது. "வெளக்கு வச்சப்புறம் வாசலைப் பாத்து யாரு பேரையும் சொல்லாத. கனைச்சிட்டுக் கதவைத் தொற." ஏன் என்று கேட்டால் அடி விழும். கல்யாணமாகி வந்தபோது அந்தச் சட்டத்தை எஸ்தர் அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போனது. டியூஷனுக்குப் போன மகள் ஷீலா திரும்பும் நேரம். எஸ்தர் மெழுகுவத்தியைத் தேடிக்கொண்டிருந்தபோது, வெளி வராந்தாவில் கனத்த பூட்ஸ் ஒன்று நிதானமாக நடந்து, சுவரோரம் நின்று, குதிகால் தட்டித் திரும்பி, மறுபடி நடந்து வந்து, சரியாக அவள் கதவுக்கு நேரே நின்றது.

கதவின் கண்ணாடித் துளையில் கண் வைத்தாள். வெகு அருகில், நனைந்த காக்கித் துணி. யாரோ ஒருவரின் முதுகு.

"மாத்து ஆள் யாரு?"

அலுத்துப்போன குரல். தமிழ். அவள் அப்பாவின் குரல் போலவே இருந்தது.

எஸ்தர் துளையிலிருந்து கண்ணை எடுத்தாள். கையிலிருந்த போன் மினுங்கியது. 'மம்மி, லிஃப்ட் பந்த். படியில வர்றேன்.'

குழந்தை நேராக அவன் முன்னால் வந்து நிற்கப்போகிறாள். போன் போட்டாள். கீழே படிக்கட்டில் மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அடுத்த மாடியில் அடித்தது. இன்னும் கிட்டே அடித்தது.

"மாத்து ஆள் யாரு?"

பெற்ற வயிறு பொறுக்குமா. கதவில் வாயை வைத்துக் கத்தினாள்.

"ஷீலா, மேல வராத!"

மணி நின்றது.

குதிகால் தட்டும் சத்தம். ஒரே ஒரு தடவை.

பிறகு மழை மட்டும்.

எஸ்தர் கைப்பிடியைத் திருகினாள். அசையவில்லை. தாழ்ப்பாளை இழுத்தாள். சுவரோடு வார்த்ததுபோல் இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. திறக்கவில்லை.

துளையில் மறுபடி கண் வைத்தாள். காக்கி இல்லை. வெகு அருகில், நனைந்த மஞ்சள் சுடிதாரின் முதுகு. தோளில் துப்பாக்கிபோலச் சாய்த்த குடை.

"கண்ணு, இங்க பாரு. அம்மாடி."

ஷீலா திரும்பவில்லை. நடந்தாள். சுவரோரம் நின்றாள். குதிகால் தட்டித் திரும்பினாள்.

எஸ்தரின் முதுகுக்குப் பின்னால், இருட்டில், சாப்பாட்டு மேசை நாற்காலி கிறீச்சிட்டது. பாலிஷ் வாடை வீடு நிறைய அடித்தது. யாரோ குனிந்து, ஈரமான பூட்ஸ் கயிற்றை மெதுவாக அவிழ்த்தார்கள்.

"அப்பாடா."