மீதிப் பயணி

தோசை வார்த்த பிறகுதான் சட்டினி இல்லை என்பது தெரிந்தது. ஜெபராணியின் கணவர் தெருமுனைக் கூண்டில் ஏறி மதுரைக்குப் போய் வாங்கி வந்தார். தோசை ஆறவில்லை.

அந்தக் கூண்டுக்குப் பெயர்ப்பான் என்று பெயர். உள்ளே நிற்பவரை அணு அணுவாகக் கணக்கெடுத்து, இங்கே கலைத்து, அங்கே கோத்துவிடும். பாதுகாப்பு விதி ஒன்றே ஒன்றுதான். தொடக்க காலத்தில் ஒருவர் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய கட்டைவிரல் தனியாக வந்து சேர்ந்தது. அன்றுமுதல், மனித வியர்வை ஊறிய பொருள் எதுவும் கூண்டுக்குள் தனியே கிடந்தால், பெயர்ப்பான் அதை ஒரு பயணியின் முதல் தவணை என்று எடுத்துக்கொள்ளும். மீதி வந்து சேரும்வரை வேறு யாரையும் ஏற்காது.

சட்டினி தொட்டுச் சாப்பிட ஜெபராணிக்கு மனமில்லை. சங்குமுனை ரயில்–படகு அருங்காட்சியகத்தின் காப்பாளர் அவள்தான். ஒரு மூன்றாம் வகுப்புப் பெட்டி, ரயிலில் வந்தவர்களை எதிர்க்கரைக்குக் கொண்டுபோன ஒரு படகு, இவ்வளவுதான் அருங்காட்சியகம். படகு இன்றும் ஓடும்; ஏறத்தான் ஆளில்லை. அதனால் அருங்காட்சியகத்தை மூடிவிட்டு, அந்த இடத்தில் உடைந்த கூண்டுகளைப் போட்டுவைக்கப் பெயர்ப்பான் ஆணையம் முடிவு செய்திருந்தது. ஊராரின் கருத்தைக் கேட்க ஆய்வாளர் தணிகைநாதன் வந்தார். உத்தரவை மட்டும் முன்பே அச்சடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அதில் கையெழுத்துப் போட்டு, மாலைக்குள் திருச்சித் தலைமையகத்தில் நேரில் சேர்க்க வேண்டும். தவறினால் உத்தரவு செல்லாது.

கூட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. பெட்டிக்குள் இருக்கையில் கிடந்த ஒரு துண்டை ஆய்வாளர் காட்டினார்.

“இது என்னம்மா, துடைக்கிற துணியா?”

“அதுதான் சார் முன்பதிவு,” என்றாள் ஜெபராணி. துண்டை எடுத்துக்கொண்டு இறங்கி, ஜன்னல் வழியாக வீசிக் காட்டினாள். “வண்டி நிக்கிறதுக்குள்ள துண்டு விழுந்துரணும். விழுந்தா இடம் நம்மளது.”

“ஆளே ஏறலையே?” என்றார் மீன்வலைக் கடை பாத்திமுத்து.

“ஆள் எப்ப வேணா வரலாம் அக்கா. டீ குடிச்சிட்டு வரலாம்.”

“இன்னொருத்தர் அதை எடுத்துட்டு உக்காந்தா?”

“எப்படி எடுப்பாங்க? துண்டு கெடக்குல்ல!”

கூட்டம் ஜன்னலை நெருங்கி வந்து எட்டிப் பார்த்தது. கம்பியில்லை, மின்சாரமில்லை, ஒரு முழத் துணியால் இல்லாத ஆளை இருக்கவைக்கும் தொழில்நுட்பம்! பிறகு ஒவ்வொருவராக வந்து வீசிப் பார்த்தார்கள். பாத்திமுத்து எறிந்தது முதல் வீச்சிலேயே ஜன்னலோர இருக்கையில் விழுந்தது.

ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தெருமுனைக்கு நடந்தார். கூண்டுக்குள் ஒரு பச்சைத் துண்டு கிடந்தது.

“மீதிப் பயணி வரட்டும். பொறுத்திருங்கள்,” என்றது பெயர்ப்பான்.

அடுத்த தெருக் கூண்டில் ஒரு தலையணை உறை. மீன் சந்தைக் கூண்டில் பாதி வேட்டி. சாயங்காலம் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்த யாரோ ஒருவர் முதலில் போட்டிருக்கிறார். அதைப் பார்த்தவர்கள், எங்கும் போக வேண்டியிராதவர்கள்கூட, எதற்கும் இருக்கட்டும் என்று போட்டுவிட்டார்கள். ஊரில் ஒரு கூண்டும் மிச்சமில்லை.

“எடுத்துத் தூரப் போடுங்கய்யா!” என்று கத்தினார் ஆய்வாளர்.

“எப்படி சார் எடுக்குறது? துண்டு கெடக்குல்ல!” என்றார்கள் ஊர்க்காரர்கள்.

எதிர்க்கரையில் கூண்டுகள் இருந்தன. ஆய்வாளர் மூச்சு வாங்க அருங்காட்சியகத்துக்குத் திரும்பி வந்தார். “படகு போகுமா?”

“போகும் சார். மெதுவாத்தான் போகும்,” என்றாள் ஜெபராணி. தன் வேலையைப் பறிக்கும் காகிதம்தான் அந்தச் சட்டைப்பையில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் அவள் கண்ட முதல் பயணி அவர். மணியை அடித்தாள்.

மணி கேட்டதும் ஊரே துறைக்கு ஓடிவந்தது. துண்டு போட்டு இடம் பிடித்த அத்தனை பேரும், தங்கள் கூண்டு தங்களுக்காகக் காத்திருக்கும் நிம்மதியில், ஒருமுறை படகில் போய்ப் பார்க்க ஆசைப்பட்டார்கள். படகின் ஜன்னல்கள் வழியே துணிகள் பறந்தன. ஆய்வாளரிடம் துண்டு இல்லை. சட்டைப்பையைத் துழாவி, கையில் அகப்பட்டதைக் கடைசி இருக்கையில் எறிந்தார்.

அவர் முண்டியடித்து உள்ளே வருவதற்குள் பாத்திமுத்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“அம்மா, அது என் இடம். காகிதம் போட்டிருக்கேன்.”

“காகிதமா? துணின்னுல்ல சொன்னாங்க,” என்றபடி பாத்திமுத்து இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

“அது அரசாங்க உத்தரவும்மா!”

ஜெபராணி எட்டிப் பார்த்தாள். “அது மேலதான் ஆள் உக்காந்தாச்சே சார். இறங்கும்போது கேட்டு வாங்கிக்கலாம்.”

படகு நகர்ந்தது. சூரியன் சரிந்துகொண்டிருந்தது, எதிர்க்கரை அப்படியே இருந்தது. கால் கடுத்த ஆய்வாளர் கம்பியைப் பிடித்தபடி குனிந்து, மனிதர்கள் பேசி எத்தனையோ தலைமுறைகள் ஆகிவிட்ட ஒரு வாக்கியத்தை, யாரும் கற்றுத்தராமலே சொன்னார்:

“கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணி உக்காருங்களேன்.”

அந்த வரிசையில் இருந்த அத்தனை பேரும், அவர்களுக்கும் யாரும் கற்றுத்தராமலே, உடனே கண்ணை மூடித் தூங்கத் தொடங்கினார்கள்.