உள்ளங்கைச் சூடு

முள் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

மீட்டர் ரிப்பேர்க்காரன் அருமநாயகம் காரின் டிரைவர் சீட்டில் குனிந்து உட்கார்ந்து, ஹீட் மீட்டரின் கண்ணாடியை நகத்தால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தான். முள் லேசாக நடுங்கிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றது. நூறுக்கு ஒரு மயிரிழை கீழே. அந்த இடம் அவனுக்குப் பழகிய இடம்தான், அதனால்தான் பிடிக்கவில்லை.

ஹீட் மீட்டருக்கு பேட்டரி வேண்டாம். அதன் முதுகிலிருந்து ஒரு மெல்லிய செம்புக்குழாய் ஆள் நீளத்துக்கு வாலாக நீண்டு கிடக்கும். வாலின் நுனியில் சுண்டுவிரல் பருமனில் ஒரு குமிழ், குமிழுக்குள் ஈதர். குமிழை எஞ்சினில் செருகினால் எஞ்சினின் சூட்டைக் காட்டும். வேறு எதில் வைத்தாலும் அதன் சூட்டைக் காட்டும். வெந்நீர் வைக்க வசதியில்லாத இடங்களில் அருமநாயகம் குமிழைத் தன் உள்ளங்கையில் பொத்திப் பிடித்துத்தான் சோதிப்பான். முள் மெல்ல ஏறி, மனித உடம்பின் சூட்டில், ஃபாரன்ஹீட் நூறுக்கு ஒரு மயிரிழை கீழே வந்து நிற்கும். கையை விட்டால் இறங்கிவிடும். சற்று முன்னால் பிடித்துப் பார்த்தபோதும் ஒழுங்காக ஏறியது, ஒழுங்காக இறங்கியது. அதன்பிறகு, குழாய் மடங்கி விரிசல் விட்டுவிடக் கூடாதே என்று வாலை சீட்டுக்கு மேலாகப் பின்பக்கம் வீசிவிட்டு, மீட்டரை டேஷ்போர்டில் பொருத்த ஆரம்பித்தான். இரண்டு திருகு முறுக்குவதற்குள் முள் தானாக ஏறி வந்து நின்றிருந்தது.

வெளியே துலாமழை, ஐப்பசி மாத அடைமழை. தகரக்கூரையில் அது கொட்டுகிற சத்தத்தில் தன் மூச்சுகூடக் கேட்கவில்லை. ஷெட்டுக்குள் வெயில் என்று ஒன்று வந்து பல நாள் ஆகியிருக்கும். எஞ்சின் ஆகஸ்டு மாதத்திலிருந்து பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்து கிடக்கிறது. பின்னே இந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

"ஸ்பிரிங் இழுத்திருக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொன்ன குரல் அவனுக்கே நம்பும்படியாக இல்லை.

அன்று பாறசாலை முழுக்க ஹர்த்தால். தெற்குத் தாலுக்காக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராட்டம் தொடங்கியதிலிருந்து மாதத்தில் பாதி நாள் கடையடைப்புதான். ஹர்த்தாலில் கடை திறந்தவனைப் போராட்டக்காரர்கள் விடமாட்டார்கள். கூட்டத்தில் நின்றவனைப் போலீஸ் விடாது. இரண்டுக்கும் நடுவில் பிழைப்பு நடத்த ஊர்க்காரர்கள் ஒரு வித்தை கண்டுபிடித்திருந்தார்கள். வேலைக்காரன் உள்ளே இருப்பான். வெளியே பெரிய பூட்டு தொங்கும். கூட்டம் வந்து பூட்டைப் பார்த்துத் திருப்தியாகப் போய்விடும். சாயந்தரம் பூட்டியவன் வந்து திறந்துவிடுவான். பீடிக்காரர்கள், தையல்காரர்கள், சவரக்கடைக்காரர்கள் எல்லோருமே இப்படித்தான் தங்கள் கடைக்குள்ளேயே கைதிகளாக உட்கார்ந்து பிழைத்தார்கள்.

அருமநாயகம் இந்த வேலைக்கு ஒத்துக்கொண்டது மனைவி சுகுமாரிக்காக. அவளுக்கு இது நிறைமாதம். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி வந்த உடனே நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓட வேண்டும் என்று வைத்தியச்சி விஜயம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பஸ் ஓடுவதில்லை. காளைவண்டியில் போனால் பாதி வழியில் எல்லாம் முடிந்துவிடும். தனுவச்சபுரம் பாதையில் கருணாகரன் முதலாளியின் ஷெட்டில் கிடந்த இந்தக் கறுப்பு இங்கிலாந்துக் கார் ஒன்றுதான் கதி. முதலாளி கலவரத்துக்குப் பயந்து கொல்லத்துக்குப் போய்விட்டார். டிரைவர் சோமன் மட்டும் இருந்தான்.

"ரேடியேட்டரு ஒழுகுது அண்ணே. மீட்டரு இல்லாம எடுத்தா வழியில எஞ்சினு பிடிச்சுப் போவும்" என்றான் சோமன். "மீட்டரெல்லாம் சரியாக்கித் தாரும். சேச்சிக்கு எப்ப வலி வந்தாலும் நான் வண்டி கொண்டு வாறேன். சத்தியமாக்கும்."

சுகுமாரியிடம் அருமநாயகம் உண்மையைச் சொல்லவில்லை. அவள் தம்பி செல்லையன் போராட்டத்தில் இருந்தவன். ஆகஸ்டில் துப்பாக்கிச்சூடு நடந்த அன்று ஓடியவன் இன்னும் வீடு திரும்பவில்லை. களியக்காவிளை தாண்டிப் போனதைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சோமன்தான் வந்து சொன்னான். நாகர்கோவில் பக்கம் எங்கோ ஒளிந்திருக்கிறான், குழந்தை பிறந்தால் வருவான் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். "எனக்க தம்பி இதுக்காச்சுட்டி ஊரு விட்டு நிக்கான். நீங்க அர்த்தாலு அன்னைக்கு வேலைக்குப் போவேளா?" என்று ஒருமுறை அவள் கேட்டதை அவன் மறக்கவில்லை. அதனால் திருப்புறத்தில் ஒரு சாவு வீட்டுக்குத் துஷ்டிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு விடியலில் இறங்கி வந்துவிட்டான். அவன் இங்கே இருப்பது சோமனைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

கதவைச் சாத்துவதற்கு முன்னால் சோமன் தட்டுகிற முறையைச் சொல்லிக் கொடுத்தான். முதலில் இரண்டு தட்டு. கொஞ்சம் விட்டு ஒன்று. உள்ளே இருப்பவன் அதே மாதிரி திருப்பித் தட்டினால்தான் திறக்க வேண்டும்.

"நீரு தட்டல்லேன்னா நான் தொறக்கமாட்டேன். உமக்க மச்சினனுக்கும் இந்தத் தட்டு தெரியும். ஆகஸ்டிலயே நாங்க உண்டாக்கினதாக்கும்" என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "பேடிக்காதேயும். ஆளை ஒளிச்சு வைக்க எனக்குத் தெரியும். போலீசு என்ன அடிச்சாலும் நான் காட்டிக் குடுத்ததில்ல" என்றான்.

அப்போது அது பெருமைப் பேச்சாகத்தான் பட்டது.

உள்ளே வந்ததுமே ஃபினாயில் நாற்றம் மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் இனிப்பும் அழுகலுமாக இன்னொரு வாடை. பெருச்சாளி செத்துக் கிடந்ததாம், சோமன் சொல்லியிருந்தான். காரின் பின்சக்கரத்துக்கு அருகே தரை விரிசலில் எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சிகள் கொத்தாக நின்றன. வண்டிக்குப் பூசை போட்டிருக்கிறான் என்று அருமநாயகம் நினைத்துக்கொண்டான். வண்டிக்குப் பூசை போடுகிறவர்கள் முன்னால் அல்லவா போடுவார்கள், பின்னால் யார் போடுவார் என்று அப்போது தோன்றவில்லை. கருவிப்பையை வைக்க டிக்கி திறக்குமா என்று கேட்டதற்கும் சோமன், "சாவி தொலைஞ்சு போச்சு" என்று மட்டும் சொன்னான். காரின் பின்பக்கம் அவன் ஒரு முறைகூட வரவில்லை.

வேலை மும்முரத்தில் காலை போனது தெரியவில்லை. ஆயில் மீட்டரின் அடைப்பை எடுத்தான். வேகமீட்டரின் கேபிளுக்கு கிரீஸ் போட்டான். ஆம்பியர் மீட்டரின் வளைந்த முள்ளை நிமிர்த்தினான். கடைசியாக மிச்சம் இருந்தது ஹீட் மீட்டர் ஒன்றுதான்.

இப்போது அந்த ஒன்று மட்டும் அவன் சொன்னபடி கேட்கவில்லை.

சிம்னி விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்த்தான். செம்புக்குழாய் முன்சீட்டின் மேலாக வளைந்து போய், பின்சீட்டின் சாய்மானத்துக்கும் வண்டியின் உடம்புத் தகட்டுக்கும் இடையில் இருந்த இடுக்கில் இறங்கியிருந்தது. குமிழ் சரிந்து உள்ளே விழுந்திருக்கிறது. அந்த இடுக்குக்குப் பின்னால் டிக்கி.

குழாயை விரலால் பிடித்து மெதுவாக இழுத்தான். வந்தது. கொஞ்சம் வந்ததும் நின்றது. எதிலோ மாட்டிக்கொண்டது போல் வெடுக்கென்று நிற்கவில்லை. முதலில் விட்டுக்கொடுத்து, பிறகு கட்டிய கன்றுக்குட்டி கயிற்றை இழுப்பது போல மெல்லத் திரும்ப இழுத்துக்கொண்டது. அவன் கையை எடுத்தான். குழாய் அரை சாண் உள்ளே போயிற்று.

அருமநாயகம் காரைவிட்டு இறங்கிவிட்டான். இறங்கினான் என்பதைவிட விழுந்தான் என்பதே சரி. ஷெட்டின் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, கர்த்தாவே கர்த்தாவே என்று முணுமுணுத்தான். காற்றுப்போக்கி ஓட்டை ஒன்று கூரைக்கு அருகில் இருந்தது. அதில் பூனை நுழையலாம். கதவு பலாப்பலகை, குறுக்கே இரும்புப் பட்டை. கையில் இருந்ததோ ஊசி போன்ற திருப்புளிகள்.

அப்போதுதான் பாதையில் கோஷம் கேட்டது. ஊர்வலம் வருகிறது. முதல் எண்ணம், கத்திவிடலாம். இரண்டாவது எண்ணம் வாயை அடைத்தது. செல்லையனின் அத்தான் ஹர்த்தாலில் உள்ளே உட்கார்ந்து முதலாளி காருக்கு மீட்டர் மாட்டுகிறான். கூட்டத்தில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். நாளைக்குச் சுகுமாரியின் முகத்தை எப்படிப் பார்ப்பது? பொறுத்துக்கொண்டான். கோஷம் ஷெட்டைக் கடந்தது. உடனே போலீஸ் வண்டியின் இரைச்சல். விசில். சேற்றில் கால்கள் சிதறி ஓடின. கதவுக்கு வெகு அருகில் ஒரு குரல், "ஞான் அல்ல சாரே, ஞான் டிரைவராணு சாரே" என்று மலையாளத்தில் கெஞ்சியது.

சோமன் குரல்.

அடி விழும் சத்தம் பலகைக்குள் வந்தது. வண்டியில் ஏற்றுகிறார்கள். உள்ளே ஆள் உண்டு என்று ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். சோமன் சொல்லவில்லை. வண்டி நெய்யாற்றின்கரைப் பக்கம் போயிற்று. அதன் சத்தம் மழையில் கரைந்தது. சாவியும் அதோடு போயிற்று.

இதற்குப்பின் அருமநாயகம் கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். கதவை முஷ்டியால், காலால், தோளால் இடித்தான். தகரக்கூரை மழை எல்லாவற்றையும் விழுங்கியது. பாதையில் ஈ காக்கைகூட இல்லை. இந்த அடிக்குப் பிறகு யார் வெளியே வருவார்கள்? அவனைத் தேடுகிறவர்களும் திருப்புறத்தில்தான் தேடுவார்கள். சுகுமாரிக்கு இப்போது வலி வந்தால் அவள் யாரைக் கூப்பிடுவாள்? நினைக்க நினைக்க அவனுக்கு அழுகை முட்டியது. அழுதான்.

அழுது ஓய்ந்தபோதுதான் அது புரிந்தது. ஒரேயடியாகப் புரியவில்லை. தண்ணீர் ஊறுவது போல வந்தது.

ஆகஸ்டிலும் சோமனைப் பாதையில் வைத்துப் பிடித்தார்கள். எட்டுப்பத்து நாள் லாக்கப்பில் போட்டு அடித்தார்கள், ஊருக்கே தெரியும். அவன் வாய் திறக்கவில்லை என்று எல்லோரும் மெச்சினார்கள். பிடிபடுவதற்கு முன்னால் அவனும் செல்லையனும் சேர்ந்துதான் ஓடினார்கள். களியக்காவிளை தாண்டியதாகச் சோமன் சொன்னது, லாக்கப்பிலிருந்து வந்த பிறகு. அந்த எட்டுப்பத்து நாளும் செல்லையன் எங்கே இருந்தான்?

ஆளை ஒளிச்சு வைக்க எனக்குத் தெரியும்.

டிக்கிச் சாவி தொலைஞ்சு போச்சு.

ஊதுபத்தி.

"செல்லையா" என்றான் அருமநாயகம். அந்தப் பயல் வீட்டுக்கு வந்தால் மீட்டர் பெட்டியைக் குடைந்து, குமிழைக் கையில் பொத்தி, "அத்தான், எனக்குக் காய்ச்சல் உண்டான்னு பாருங்க" என்று சிரிப்பான். முள் எப்போதும் அதே இடத்தில் வந்து நிற்கும்.

சாயந்தரம் ஆகியிருக்க வேண்டும். காற்றுப்போக்கியின் வெளிச்சம் சாம்பலாகி மங்கியது. சிம்னி விளக்கு எண்ணெய் வற்றித் திணறி, இருமுறை துள்ளி, அணைந்தது. இருட்டில் டேஷ்போர்டு மட்டும் தெரிந்தது. மீட்டர் முட்களில் பூசிய ரேடியம் பச்சையாக ஒளிர்ந்தது. ஆயில் மீட்டர் பூஜ்யம். வேகமீட்டர் பூஜ்யம். ஹீட் மீட்டர் மட்டும் நூறுக்கு ஒரு மயிரிழை கீழே. அசையாமல்.

பார்க்காதே என்று சொல்லிக்கொண்டான். முகத்தைக் கதவுப் பலகையில் வைத்து அழுத்தினான். ஈரப் பலகை வாசம். வெளியே இருக்கும் உலகத்தின் வாசம். மழை கொஞ்சம் கொஞ்சமாக விட்டது. கூரை அடங்கியது. எங்கும் சொட்டும் சத்தம்.

தட், தட்.

கொஞ்சம் விட்டு.

தட்.

விட்டுவிட்டார்கள்! சோமனை விட்டுவிட்டார்கள்! அருமநாயகத்தின் உடம்பு முழுக்கச் சந்தோஷம் பாய்ந்தது. கை தானாக எழுந்தது. பலகையில் இரண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று. "நான் உண்டு மக்கா! தொற! தொற!"

பூட்டின் சத்தத்துக்காகக் காதைப் பலகையில் ஒட்டினான்.

பூட்டு அசையவில்லை.

"சோமா?"

வெளியே தவளை. வேறு ஒன்றும் இல்லை.

தட், தட். தட்.

தகரத்தின் சத்தம். பலகை அல்ல. முதுகுக்குப் பின்னால், டிக்கியிலிருந்து.

திருப்பித் தட்டினால்தான் திறக்க வேண்டும். அதுதான் முறை. அவன் தட்டிவிட்டான்.

திரும்பக் கூடாது. திரும்பினான். காரின் கண்ணாடிக்குள் பச்சை முள் நின்றது. நூறுக்கு ஒரு மயிரிழை கீழே. மீட்டரில் பழுது கிடையாது, அவன் கையாலேயே சரி பார்த்தது. பிடித்தால் ஏறும். கையை விட்டால்தான் இறங்கும்.

முள் இறங்கத் தொடங்கியது.

மெல்ல. தொண்ணூறு. எண்பத்தைந்து. எண்பது.

இருட்டில், பின்சீட்டின் ஸ்பிரிங்குகள், ஒரு ஆள் நகர்ந்து உட்காரும் கனத்தில், ஒவ்வொன்றாக முனகின.