பரிவட்டக் கேள்வி

உத்தமபாளையத்துக்கும் ராயப்பன்பட்டிக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்ன ஊரில் இது நடந்தது. ஊர்ப் பெயரைச் சொன்னால் இரண்டு தரப்பும் என்னிடம் சண்டைக்கு வரும். அதனால் பெயர் வேண்டாம்.

அங்கே ஊராட்சித் தலைவர் தேர்தல் வந்தது. சுபாஸ்ரீயின் அப்பா பேச்சிமுத்து சீப்புச் சின்னத்தில் நின்றார். அவருக்கோ முழு வழுக்கை. ஆறாம் வகுப்பே சிரித்தது. சுபாஸ்ரீயும் சேர்ந்துதான் சிரித்தாள்.

அவரை எதிர்த்து நின்றவர் ஜெபராணி. வகுப்பில் சுபாஸ்ரீயின் பக்கத்தில் உட்காரும் பெனிட்டாவின் அம்மா. அவருடைய சின்னத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அவர் எதற்காக நிற்கிறார் என்பது ஊருக்கே தெரியும்.

அந்த ஊரில் குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. போன ஐப்பசி மழையில் குழாய் எங்கோ விரிசல் விட்டு, சாக்கடைத் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது. தெருவில் பலருக்கு வாந்தியும் பேதியும் வந்தது. பெனிட்டாவின் தம்பி செல்வின் ஒன்றாம் வகுப்பு. தேனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகிற வழியிலேயே அவன் இறந்துபோனான்.

ஜெபராணி மனு எழுதி எழுதி ஓய்ந்துபோனார். குழாயை யாரும் மாற்றவில்லை. கடைசியில் தானே தேர்தலில் நின்றுவிட்டார்.

ஒருநாள் மதியம் சாப்பிடும்போது பெனிட்டா சுபாஸ்ரீயின் காதில் ஒரு விஷயம் சொன்னாள்.

"தம்பி போனதுலேர்ந்து அம்மா மாதா கோயிலுக்குப் போறதில்ல. செபமாலையும் சொல்றதில்ல. அவன் போட்டோவையே பாத்துக்கிட்டு இருக்காக. யார்ட்டயும் சொல்லிராத."

சுபாஸ்ரீ யாரிடமும் சொல்லவில்லை.

தேர்தலுக்கு முந்தின வாரம், ஊர் இளைஞர் மன்றத்தார் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார்கள். இரண்டு வேட்பாளர்களும் சமுதாயக் கூடத்தில் உட்கார வேண்டும். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். முதல் கேள்வி பள்ளிப் பிள்ளைகளுக்கு. அதைக் கேட்கச் சுபாஸ்ரீயின் பெயர்தான் வந்திருந்தது.

அன்று காலை, அப்பாவுக்காக ஓட்டுச் சேகரித்துக்கொண்டிருந்த விஜயபாண்டி மாமா சுபாஸ்ரீயின் வீட்டுக்கு வந்தார். ஜெபராணி பக்கம் ஓட்டு சாய்கிறது என்று அவருக்கு ஒரே கவலை. சுபாஸ்ரீயைக் கூப்பிட்டு, கேட்க வேண்டிய கேள்வியைச் சொல்லிக் கொடுத்தார்.

அம்மன் திருவிழாவில் ஊராட்சித் தலைவருக்குத் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். அது கோயில் தரும் மரியாதைத் துணி. அதைக் கட்டிக்கொண்டுதான் தலைவர் முளைப்பாரிக்கு முன்னால் நடப்பார். அந்த ஊரில் அது காலங்காலமாக நடக்கிறது.

"தலைவரா வந்தா பரிவட்டம் கட்டிக்குவீகளா, அதுக்கு உங்க சாமி ஒத்துக்குமான்னு கேளு" என்றார் மாமா.

கட்டிக்கொள்வேன் என்றால் சர்ச்சுக்காரர்கள் கோபப்படுவார்களாம். மாட்டேன் என்றால் அம்மன் கோயில்காரர்கள் கோபப்படுவார்களாம். எப்படிச் சொன்னாலும் ஓட்டு போய்விடும். பெரியவர்கள் கேட்டால் வம்பு, சின்னப் பிள்ளை கேட்டால் யார் கோபிக்கப் போகிறார்கள் என்று மாமா சிரித்தார். பாம்பைப் பிடிக்கப் பிள்ளையின் கையை நீட்டச் சொல்கிற ஆள் அவர்.

சுபாஸ்ரீ அப்பாவைப் பார்த்தாள்.

"குழாயப் பத்திக் கேக்கட்டுமாப்பா?"

"மாமா சொன்னத மட்டும் கேளு ஆத்தா" என்றார் அப்பா. அவர் நிமிர்ந்து அவளைப் பார்க்கவில்லை.

பேச்சிமுத்து கெட்டவர் இல்லை. செல்வினைப் புதைத்த அன்று கல்லறைத் தோட்டத்தில் நின்று அழுதவர்தான். ஆனால் ஆசை வந்தால் நல்லவருக்கும் கண் மறைத்துவிடுகிறது. அது சுபாஸ்ரீக்கு வலித்தது.

சாயங்காலம் கூடம் நிரம்பி வழிந்தது. மேடையில் இரண்டு நாற்காலிகள். அப்பா வெள்ளை வேட்டியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். ஜெபராணி அத்தை சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். முன்வரிசையில் பெனிட்டா.

மைக் சுபாஸ்ரீயின் கைக்கு வந்தது. மாமா கண்ணைக் காட்டினார்.

அந்தக் கேள்வி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. கேட்டால் அத்தை என்ன சொல்வார்? உங்கள் சாமி என்ன சொல்லும் என்று, மகனைப் பறிகொடுத்துவிட்டுச் சாமியிடம் பேசுவதையே நிறுத்திவிட்டவரிடம், இத்தனை பேர் நடுவில் எப்படிக் கேட்பது?

"நம்ம ஊர்க் குழாய்ல இன்னமும் சாக்கடை நாத்தம் அடிக்கிது" என்றாள். "செல்வின் குடிச்ச தண்ணிதான் இப்பவும் வருது. அத என்ன செய்வீக? ரெண்டு பேரும் சொல்லுங்க."

மாமா எழுந்துவிட்டார்.

"அது கெடக்கட்டும். பரிவட்டம் கட்டிக்குவாகளா மாட்டாகளா, அதச் சொல்லச் சொல்லு."

மைக் இன்னும் சுபாஸ்ரீயிடம்தான் இருந்தது.

"அப்ப எங்கப்பாகிட்டயும் சாமியப் பத்திக் கேளுங்க மாமா."

"உங்கப்பாவ எதுக்குக் கேக்கணும்?"

"அப்ப அத்தைய மட்டும் எதுக்குக் கேக்கணும்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாமா உட்கார்ந்துவிட்டார்.

ஜெபராணி எழுந்தார். குழாயைச் சாக்கடையிலிருந்து வெளியே எடுத்து மேட்டில் பதிக்க வேண்டும் என்றார். எங்கே ஆரம்பித்து எப்படிக் கொண்டுபோவது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்தது.

"எம்பிள்ள போயிட்டான். இன்னொரு பிள்ள போகக் கூடாது. நான் வேறொண்ணும் கேக்கல."

பேச்சிமுத்து மைக்கை வாங்கினார்.

"எனக்கு இதுக்குப் பதில் தெரியல" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வீடு திரும்பும் வழி நெடுக மாமா திட்டிக்கொண்டே வந்தார். பெற்ற மகளே அப்பனைத் தோற்கடித்துவிட்டாள் என்றார். அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. சுபாஸ்ரீ போர்வைக்குள் முகத்தைப் புதைத்து அழுதாள். செய்தது சரி என்று தெரிந்தும் அழுகை வந்தது.

ஆனால் அப்பா தோற்கவில்லை. கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார். கூடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்ட பலர், ஓட்டுப் போடும்போது பழையபடி தங்கள் சாமி பக்கமே போட்டிருந்தார்கள். தெருவில் வெடி வெடித்தது. சுபாஸ்ரீ வெளியே வரவில்லை. பெனிட்டா அன்று பள்ளிக்கும் வரவில்லை.

மறுநாள் காலை அப்பா காப்பி குடிக்கும்போது சுபாஸ்ரீ போய் எதிரில் நின்றாள்.

"குழாய் எப்பப்பா?"

அப்பா பார்க்கலாம் என்றார். அதற்கடுத்த நாளும் அவள் கேட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். காப்பி கசந்துபோயிருக்க வேண்டும். ஒருநாள் டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு அப்பா எழுந்து நடந்தார். சுபாஸ்ரீ பின்னாலேயே போனாள்.

அவர் ஜெபராணி வீட்டு வாசலில் போய் நின்றார். உள்ளே போகக் கூச்சப்பட்டார்.

"தங்கச்சி, எங்கனேர்ந்து தோண்டணும்னு நீங்களே வந்து காட்டுங்க."

ஜெபராணி செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஜேசிபி வந்தது. சாக்கடைக்குள்ளிருந்து பழைய குழாய் துண்டு துண்டாக வெளியே வந்தது. ஒரு துண்டில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. ஜெபராணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். யாரும் அவர் பக்கத்தில் போகவில்லை. பெனிட்டா மட்டும் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

புதுக் குழாயில் முதல் தண்ணீர் வந்த அன்று தெருவே குடங்களோடு கூடிவிட்டது. ஆனாலும் ஜெபராணிக்கு எல்லோரும் வழி விட்டார்கள்.

அவர் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்தார். முகர்ந்து பார்த்தார். பாதியைத் தான் குடித்துவிட்டு, மீதியைப் பெனிட்டாவிடம் கொடுத்தார். பெனிட்டா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, டம்ளரைச் சுபாஸ்ரீயிடம் நீட்டினாள்.