ஐந்தாம் கட்டடத்தின் மீட்டர்

ஆளில்லாத ஐந்தாம் கட்டடத்தில் மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியின் ஆறு கட்டடங்களில் எங்கே எவ்வளவு மின்சாரம் போகிறது என்று திரையில் பார்ப்பதும், வீணாகப் போவதை நிறுத்துவதும்தான் அவன் வேலை. நர்ஸுகள் ‘கட் அண்ணன்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஆனாலும் இன்டர்காமில் ஒரு வார்த்தை கேட்காமல் அவன் எந்த இடத்தையும் அணைத்ததில்லை. ஐந்தாம் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள், கட்டில்களைக்கூடத் தூக்கிப்போய்விட்டார்கள். அங்கே யாரைக் கேட்பது?

மனசும் இங்கே இல்லை. மூன்றாம் கட்டடத்தில் தங்கைக்கு ஆபரேஷன். அப்பா அம்மா போனபின் அவனுக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டே, “எனக்கும் கரண்டைக் கட் பண்ணிடாதண்ணா,” என்று கிண்டலடித்துவிட்டுத்தான் போனாள்.

ஜன்னலே இல்லாத அவனுடைய கீழ்த்தள அறையில், சுவருக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபார்மர் ஓயாமல் முனகிக்கொண்டிருக்க, சூடேறிய வயரின் வாசனையோடு இன்று எங்கிருந்தோ ஸ்பிரிட் வாசனையும் கலந்து வந்தது. அவன் மூக்கைத் தேய்த்துக்கொண்டு ஐந்தாம் கட்டடத்தின் விசையை இறக்கினான். மீட்டர் பூஜ்யத்தில் நின்றது.

இன்டர்காம் அடித்தது. எரிந்த எண், ஐந்து.

“யாருங்க லைட்டை அணைச்சது?” பெண் குரல். “ஆபரேஷன் பாதியில நிக்குது.”

பின்னால் ஏதோ இரும்புத் தட்டில் விழுந்தது. பிறகு இணைப்பு அறுந்தது.

மூன்றாம் கட்டடத்து ஆபரேஷன் தியேட்டருக்கு அடித்தான்.

“உங்க தங்கச்சி இங்க இல்லையேண்ணா,” என்றாள் நர்ஸ். “அப்பவே ரெண்டு பேர் வந்து தள்ளிட்டுப் போனாங்களே. தியேட்டர் அஞ்சாம் கட்டடத்துக்கு மாறிடுச்சாம். நீங்கதான் அங்க கரண்ட் குடுத்திருக்கீங்கன்னு சொன்னாங்க.”

அவன் யாருக்கும் கொடுக்கவில்லை.

விசையை மேலே தள்ளினான். பூஜ்யம். இறக்கித் தள்ளினான். பூஜ்யம். கை வழுக்கியது. பயம். வெறும் பயம்.

மறுபடி இன்டர்காம். ஐந்து.

“அண்ணா.”

தங்கைதான். மயக்கத்தில் நாக்கு குழறியது.

“எங்கம்மா இருக்க? இப்பவே வரேன், இரு...”

“இருட்டா இருக்குண்ணா. எல்லாரும் போயிட்டாங்க.”

ஏதோ சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு. சொட்டு.

“லைட்டைப் போடுண்ணா. இன்னும் தையல் போடல. நான்தான் கையால மூடிப் பிடிச்சிட்டிருக்கேன்.”